இம்யூனாலஜி மட்டும் ஏன் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது?

குடியாத்தம் மாணவி:
வணக்கம். வேலூரில் எம்பிபிஎஸ் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. மைக்ரோபயாலஜியில் பாக்டீரியாலஜி பரவாயில்லை. கிராம் பாசிட்டிவ், நெகட்டிவ், மீடியா, டெஸ்ட் என்று அடுக்கி வைத்துக்கொள்ள முடிகிறது. நோய் எதிர்ப்பைப் பற்றிய இம்யூனாலஜிதான் பிடிபடவில்லை. எதிர்ப்பு செல் வகைகளான சிடி4, சிடி8, டிஎச்1, டிஎச்2, அவை விடும் சமிக்ஞைப் பொருளான இன்டர்லூகின் வரிசை... ராத்திரி படித்தால் காலையில் நம்பர்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

இன்று பிராக்டிகலில் மேடம் கேட்டார்: "லெப்ரோமேட்டஸ் (கிருமி மிகுந்த வகை) தொழுநோயாளியின் இரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியோடு ஒட்டும் எதிர்ப்புப் புரதம்) ஏராளமாக இருக்கிறது. அப்படியும் கிருமி ஏன் பெருகிக்கொண்டே போகிறது?" யாருக்கும் பதில் வரவில்லை. யோசித்துவிட்டு வாங்க என்று விட்டுவிட்டார். அது மண்டைக்குள்ளேயே நிற்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள். பாஸ் ஆனால் மட்டும் போதாது, எனக்குப் புரிய வேண்டும்.

ஆரணி ஹவுஸ் சர்ஜன்:
தங்கச்சி, வார்டிலிருந்து ஆரம்பி. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் நம் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நிறைய வரும். காய்ச்சல்காரரின் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பார்த்தால் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அதுதான் எஸ்கார், மைட் என்கிற சிற்றுண்ணியின் லார்வா கடித்த இடம்.

இப்போது அதற்கான வீல்-ஃபீலிக்ஸ் ரத்த டெஸ்டை யோசி. நோய்க்கிருமி ஓரியன்ஷியா. டெஸ்டில் போடுவதோ புரோட்டியஸ் ஓஎக்ஸ்-கே. சம்பந்தமே இல்லாத கிருமியோடு நோயாளியின் ஆன்டிபாடி எப்படி ஒட்டுகிறது? இரண்டிலும் ஒத்துப்போகிற ஆன்டிஜென் (ஆன்டிபாடி ஒட்டும் பொருள்) இருப்பதால்தான். கிராஸ் ரியாக்‌ஷன் பாடம் அவ்வளவே. அதே காரணத்தால் அந்த டெஸ்டை முழுசாக நம்ப முடியாது, ஓரியன்ஷியாவுக்கான ஆன்டிபாடியைத் தேடும் ஐஜிஎம் எலைசா டெஸ்டுக்குப் போகிறோம். அதுவும் ஆரம்ப நாட்களில் நெகட்டிவாக வரலாம், ஆன்டிபாடி உருவாக நாள் பிடிக்கும். அதனால் ரிசல்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போடுவதில்லை.

காட்பாடி லேப் அக்கா:
மேடம் கேட்ட கேள்வியை விட்டுவிடாதேம்மா. இம்யூனாலஜியில் பாதி அதற்குள் இருக்கிறது. நான் லேப் டெக்னாலஜிஸ்ட், தொழுநோய், டிபி கிருமிகளைச் சாயமேற்றித் தேடும் ஆசிட் ஃபாஸ்ட் ஸ்மியர் பார்ப்பதுதான் என் வேலை.

இரண்டு ஸ்லைடு வைத்துக்கொள். ஒன்று டியூபர்குலாய்டு, அதாவது கிருமி குறைந்த வகைத் தொழுநோயாளியுடையது: ஃபீல்டு ஃபீல்டாகத் தேடினாலும் பெரும்பாலும் ஒரு கிருமி கூடக் கிடைக்காது. இன்னொன்று லெப்ரோமேட்டஸ்: சிவப்புக் கிருமிகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும், குளோபி என்போம். இரண்டும் அதே மைக்கோபாக்டீரியம் லெப்ரே. மாறுவது கிருமி இல்லை, அது குடியேறிய உடம்பு.

இந்தக் கிருமி வாழ்வது கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளும் நரம்பைச் சுற்றிய ஷ்வான் செல்லுக்குள்ளும். ஆன்டிபாடி செல்லுக்கு வெளியே சுற்றுகிற பொருள், உள்ளே போய் அதைத் தொட முடியாது. உன் மேடத்துக்கான பதில் இதுதான். கிருமியைக் கொல்ல வேண்டுமானால் டிஎச்1 செல் இன்டர்ஃபெரான் காமா என்கிற சமிக்ஞைப் பொருளை விட்டு மேக்ரோபேஜை உசுப்ப வேண்டும். அது நன்றாக நடந்தால் கிரானுலோமா (எதிர்ப்பு செல்களின் முடிச்சு), சில தேமல், கிருமி குறைவு. டியூபர்குலாய்டு அதுதான். இந்தக் கிருமிக்கு எதிராக மட்டும் அந்தப் பக்கம் எழும்பாமல் போனால் இன்டர்லூகின் 4, 10 பக்கம் ஓங்கும், பி செல் ஆன்டிபாடியைக் கொட்டும், கிருமி பெருகும். ரிட்லியும் ஜோப்ளிங்கும் 1966இல் போட்ட டிடி (டியூபர்குலாய்டு முனை) முதல் எல்எல் (லெப்ரோமேட்டஸ் முனை) வரையிலான வரிசை இந்த இரண்டு முனைகளையும் நடுவில் இருப்பவர்களையும் சேர்த்தது. நம்பர்களை இந்த இரண்டு வகை நோயாளிகளோடு சேர்த்து வை, தனியாக வைக்காதே.

கொன்ற கிருமியைத் தோலில் ஊசியாகப் போடும் லெப்ரோமின் டெஸ்டும் இப்போது தானாக விளங்கும். மூன்று, நான்கு வாரம் கழித்துப் பார்க்கிற மிட்சுடா ரியாக்‌ஷன் டியூபர்குலாய்டில் பாசிட்டிவ், லெப்ரோமேட்டஸில் நெகட்டிவ். நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இல்லை அது, செல்வழி எதிர்ப்பு எவ்வளவு என்று காட்டுவது.

இன்னொன்றும் மனசில் வை. டியூபர்குலாய்டு நோயாளியின் நரம்பைக் கெடுப்பதில் பெரும்பங்கு கிருமிக்கு இல்லை, அதைத் துரத்தும் நம் எதிர்ப்பு சக்திக்குத்தான். உணர்ச்சி போன கை சுடுவதையும் வெட்டுவதையும் அறியாது. புண்ணும் விரல் இழப்பும் அதனால் வருவது, சதை தானாக அழுகுவதில்லை. சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் இதை விளக்கிக் காட்டியதும், மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்ததும் இதே ஊரில். 1955இலிருந்து கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் இங்கேதான் இருக்கிறது. வேலூரில் மைக்ரோ படிக்கிற பிள்ளை இந்த நோயை இரண்டு மார்க் கேள்வியாக ஒதுக்கினால் எனக்கு மனசு கேட்காது.

குடியாத்தம் மாணவி:
அக்கா, முதல் தடவையாகப் படம் மாதிரி தெரிகிறது! ஒரு சந்தேகம். லெப்ரா ரியாக்‌ஷன் டைப் 1, டைப் 2 என்கிறார்களே, அவை ஹைப்பர்சென்சிட்டிவிட்டி (எதிர்ப்பு சக்தியே உடம்பைக் கெடுப்பது) டைப் 1, டைப் 2தானா?

காட்பாடி லேப் அக்கா:
இல்லைம்மா, வைவாவில் எல்லாரையும் மடக்குவது இங்கேதான். லெப்ரா டைப் 1 என்பது செல்வழி எதிர்ப்பு திடீரென ஏறுவது; பழைய தேமல் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும். ஹைப்பர்சென்சிட்டிவிட்டிக்கான கூம்ப்ஸ், ஜெல் வகைப்பாட்டில் அது டைப் 4. லெப்ரா டைப் 2, அதாவது ஈஎன்எல் என்கிற வலிக்கும் சிவந்த முடிச்சுகள், கிருமி மிகுந்தவர்களுக்கு வரும். ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் சேர்ந்த இம்யூன் காம்ப்ளெக்ஸ் படிவதால் என்று பாடம் சொல்லும், டைப் 3. பயனில்லாமல் கொட்டிய அதே ஆன்டிபாடி இங்கே தொல்லையாகிறது, பார்.

ராணிப்பேட்டை பிஜி:
அக்கா சொன்ன வழியை நானும் வழிமொழிகிறேன். ஆனால் தொழுநோய் ஒன்றிலேயே நின்றால் சீராலஜி (ரத்தத்தில் ஆன்டிபாடி தேடும் பாடம்) விடுபடும். அதற்கு எச்ஐவியை எடு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவர் மாணவி நிர்மலா சேகரித்த மாதிரிகளை வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுவந்துதான் எலைசா செய்தார்கள். ஆறு பாசிட்டிவ். அதோடு விடவில்லை, வெஸ்டர்ன் பிளாட் என்கிற இன்னொரு டெஸ்ட் செய்து உறுதிப்படுத்தினார்கள். முதலில் யாரையும் தவறவிடாத டெஸ்ட், அப்புறம் தவறாக யாரையும் பிடிக்காத டெஸ்ட். சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி இரண்டையும் அந்த வரிசையில் படி, குழம்பாது.

காட்பாடி லேப் அக்கா:
சரியாகச் சொன்னீங்க தம்பி. மாணவிக்கு ஒன்று மட்டும்: ஸ்மியர் செய்யச் சொன்னால் நிறம் நீக்க லெப்ரேவுக்கு 5 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட், டிபிக்கு 20. லெப்ரே அவ்வளவு ஆசிட் தாங்காது. மாதிரியைக் காது மடலில் ஏன் எடுக்கிறோம் என்று அடுத்துக் கேட்பார்கள். இந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடம் பிடிக்கும், அதனால்தான்.