புதிய நகரம், புதிய அடுக்குமாடி வீடு: முதலில் எதைக் கவனிப்பது?

கேள்வி

பணியிட மாற்றத்தால், தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஒரு நகரத்துக்கு அண்மையில் குடிவந்திருக்கிறேன். வாடகை வீடு, நான்காம் மாடியில் இருக்கிறது. இதுவரை தனி வீடுகளிலேயே வாழ்ந்து பழகியவன் என்பதால், மேலும் கீழும் இருபுறமும் பிறர் வசிக்கும் கட்டடத்தில் இருப்பது எனக்குப் புதிய அனுபவம்.

வீட்டில் பெரிய குறை என்று எதுவும் இல்லை. ஆயினும் மனம் இன்னும் ஒட்டவில்லை. இரவில் லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்கெல்லாம் விழித்துக்கொள்கிறேன். மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தால் என் தலைமாட்டில் இழுப்பதுபோல் கேட்கிறது. நான் வருவதற்கு முன் பல மாதங்கள் வீடு பூட்டிக் கிடந்ததாம். அதனாலோ என்னவோ, இரண்டாவது குளியலறையில் சாக்கடை வாடை அடிக்கிறது. பெட்டிகளில் பாதியை இன்னும் பிரிக்கவில்லை. கட்டில், சோபா, அலமாரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிப் போட்டுவிட்டால் வீடு வீடாகிவிடும் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. அவசரப்படக் கூடாது என்றும் தோன்றுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, இங்கே ஒருவரையும் தெரியாமல் இருப்பதுதான். லிஃப்டில் எதிர்ப்படுகிறவர்கள் தலையசைப்பதோடு சரி. இப்படிக் குடிபெயர்ந்து நிலைகொண்டவர்கள், எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

கட்டடப் பராமரிப்புத் துறையில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில், வாடையிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சொன்னவற்றுள் மிக எளிதாகத் தீரக்கூடியது அதுதான்.

குளியலறைத் தரையில் உள்ள சல்லடை மூடியைத் தூக்கிவிட்டு, கைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் மின்ன வேண்டும். ஒவ்வொரு வடிகாலுக்கும் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டு. நாங்கள் அதை ட்ராப் என்போம். அந்த வளைவில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு எப்போதும் நிற்கும் தண்ணீர்தான், சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் கழிப்பறைக்காக இந்த வளைகுழாய்க்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை இதைவிட எளிய ஏற்பாடு வரவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்தத் தண்ணீர் சிறிது சிறிதாக ஆவியாகி வற்றிவிடும், வாடை வந்துவிடும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அந்தக் குளியலறையை அடிக்கடி பயன்படுத்தப் போவதில்லை என்றால், ஊற்றிய தண்ணீரின்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயை விட்டுவையுங்கள். தண்ணீர் ஆவியாவது மட்டுப்படும். தண்ணீர் நின்றும் வாடை போகவில்லை என்றால் குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம், அப்போது ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

நீண்டகாலம் பூட்டியிருந்த வீட்டில் குழாய்களுக்குள் தண்ணீரும் தேங்கியே நின்றிருக்கும். எல்லாக் குழாய்களையும் திறந்து சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். தொட்டி வைத்த வெந்நீர்க் கருவி இருந்தால் இன்னும் கவனம் தேவை. லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிரி 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் நன்றாகப் பெருகும். அந்தத் தண்ணீரின் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் நோய் வரக்கூடும். ஆகவே தொட்டித் தண்ணீரை 60 பாகைக்குக் குறையாமல் சூடாக்கி, ஷவரின் கீழ் நிற்காமல், சன்னலைத் திறந்துவைத்து, முதலில் அதை வடித்துவிடுங்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் தோலைச் சுட்டுவிடும், குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம்.

இவற்றோடு மூன்று இடங்களை இன்றே கண்டுபிடித்து வையுங்கள்: வீட்டுக்கு வரும் தண்ணீரை முழுவதும் நிறுத்தும் வால்வு, மின்பெட்டி, அவசர வழிப் படிக்கட்டு. வால்வை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். பல ஆண்டுகள் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும், நள்ளிரவில் குழாய் உடையும்போது அது தெரியவரக் கூடாது. இறுகியிருந்தால் பலம் கொடுத்துத் திருகாதீர்கள், வீட்டு உரிமையாளரிடம் சொல்லுங்கள். மின்பெட்டியில் டெஸ்ட் என்று எழுதிய சிறு பொத்தானோடு ஒரு கருவி இருக்க வேண்டும். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டும்போது மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும் கருவி அது. பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டாலோ, அப்படி ஒரு கருவியே இல்லாவிட்டாலோ, சோபாவுக்கு முன் அதற்குச் செலவிடுங்கள்.

பெட்டிகளைப் பிரித்துச் சுவர்கள் மறைவதற்குள் வீடு முழுவதையும் படம் எடுத்துவிடுங்கள். விரிசல், கறை, உடைந்த ஓடு, கீறல் விழுந்த கதவு, மின்மீட்டரின் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அவற்றை உரிமையாளருக்கு எழுத்து வடிவில் அனுப்பிவிட்டால், காலி செய்யும் நாளில் முன்பணத்தைக் குறித்து வாக்குவாதம் வராது.

மறுமொழி 2

உறக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்களிடம் குறை எதுவும் இல்லை என்பதை முதலில் நம்புங்கள். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புதிய இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட மேலோட்டமாகவே உறங்குவதும், அந்தப் பாதி ஒலிகளுக்கு விரைந்து விழித்துக்கொள்வதும் தெரியவந்தது. அதே ஆட்கள் அடுத்த முறை அதே இடத்தில் உறங்கியபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. இடம் பழகப் பழக மூளை காவலைத் தளர்த்துகிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் முன்பு படுக்கையறையை முடித்துவிடுங்கள். பழைய வீட்டில் பயன்படுத்திய அதே தலையணை, அதே போர்வை, அதே விளக்கு இருக்கட்டும். மற்ற அறைகளில் பெட்டிகள் கிடந்தாலும் அந்த ஓர் அறை முழுமையாக இருந்தால் போதும்.

ஒலியைப் பொறுத்தவரை, காற்றில் வரும் ஒலி வேறு, கட்டடத்தின் உடலில் வரும் ஒலி வேறு. லிஃப்ட் வாசலில் எழும் ஓசையும் பேச்சும் பெரும்பாலும் உங்கள் வாசற்கதவின் அடியிலுள்ள இடைவெளி வழியாகவே வருகின்றன. கதவின் கீழ்விளிம்பில் ஒட்டும் ரப்பர்ப் பட்டையும் நிலைச்சட்டத்தைச் சுற்றி ஒட்டும் பஞ்சுப் பட்டையும் போட்டால் வேறுபாடு அன்றிரவே தெரியும். நாற்காலி இழுபடும் ஓசை அப்படி அடங்காது. அது மேல்வீட்டுத் தரையைத் தாக்கி, கான்கிரீட் வழியாக இறங்கி, உங்கள் கூரையையே ஒலிக்கச் செய்கிறது. உங்கள் தரையில் எத்தனை கம்பளம் விரித்தாலும், சன்னலில் எவ்வளவு தடித்த திரை போட்டாலும் அறைக்குள் எதிரொலி குறையுமே தவிர, அந்த ஓசை நிற்காது. அதை எழும் இடத்தில்தான் நிறுத்த முடியும்.

அதாவது மேல்வீட்டாரிடம் பேசியாக வேண்டும். நாற்காலிக் கால்களின் அடியில் ஒட்டும் கம்பளித் துண்டுகள் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் சந்திப்பிலேயே புகாராகத் தொடங்க வேண்டாம். கீழே புதிதாகக் குடிவந்திருப்பவன் என்று அறிமுகம் செய்துகொண்டு, இன்னின்ன நேரத்தில் இன்ன ஓசை கேட்கிறது, இது உதவுமா என்று கேளுங்கள். தம் வீட்டு ஓசை கீழே எப்படிக் கேட்கிறது என்பது மேலே இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. அதே சமயம் உங்கள் தரை கீழே ஒருவருக்குக் கூரை என்பதால், உங்கள் நாற்காலிகளுக்கும் அதையே ஒட்டுங்கள்.

மறுமொழி 3

அறைகலன் வாங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காத்திருங்கள் என்பதே என் கருத்து. எந்த அறையில் காலை வெயில் விழுகிறது, எந்தச் சுவர் மாலையில் கொதிக்கிறது, எந்த மூலையில் நீங்கள் இயல்பாகவே போய் உட்காருகிறீர்கள் என்பதெல்லாம் வீடு உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் வரை பெரிய பொருட்களை வாங்காதீர்கள். கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி போதும். வாங்கும்போதும் அறையை மட்டும் அளந்தால் போதாது. லிஃப்ட் கதவின் அகலம், உட்புற உயரம், படிக்கட்டு திரும்பும் இடம், வாசற்கதவைத் திறந்த நிலையில் கிடைக்கும் இடைவெளி ஆகியவற்றையும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தனி வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். 5 முதல் 10 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். காற்றோட்டமில்லாத குளிர்ந்த சுவரில் ஈரம் படியும். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், அலமாரியை நகர்த்தும்வரை அது கண்ணில் படாது. சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். அளவு 40க்கும் 60க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. குளித்த பிறகும் துணியை வீட்டுக்குள் உலர்த்தும்போதும் எதிரெதிர்ச் சன்னல்களைச் சிறிது நேரம் முழுக்கத் திறந்துவிடுங்கள்.

ஆனால் பெட்டிகளைப் பற்றி முந்தைய நண்பரோடு நான் உடன்படவில்லை. படுக்கையறையை முதலில் முடிப்பது சரிதான். மற்றவற்றைக் கிடக்கவிட்டால் கிடந்துகொண்டே இருக்கும். பிரிக்காத பெட்டி சுவரோரம் நிற்கும்வரை, எந்த நேரமும் கிளம்பிவிடலாம் என்ற எண்ணமும் உள்ளே நிற்கும். நாளுக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டு பிரித்து, காலி அட்டையை அன்றே வெளியேற்றிவிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர் ஊற்றிய அன்றே வாடை அடங்கிவிட்டது. வால்வும் திரும்புகிறது. மேல்வீட்டாரைப் பார்க்கப் போவதற்குத்தான் தயக்கமாக இருக்கிறது. இயல்பிலேயே அதிகம் பேசாதவன் நான். இந்த வயதில் புதிதாக நட்புகள் உண்டாகுமா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது.

மறுமொழி 4

உண்டாகும், அதற்குப் பேச்சுத்திறன் அவ்வளவாகத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் மணமான மாணவர்களுக்கென அமைத்த குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகிய மூவரும் ஆய்வு நடத்தி, 1950இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே எந்த வீடு காலியானதோ அந்த வீடு ஒதுக்கப்பட்டது. அண்டை வீட்டாரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படியிருந்தும், ஒரே தளத்தில் அடுத்த கதவில் இருந்தவர்களில் 41 விழுக்காட்டினர் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பராகக் குறிப்பிட்டார்கள். ஒரு கதவு தள்ளியிருந்தால் அது 22 விழுக்காடாகக் குறைந்தது, தளத்தின் இரு முனைகளில் இருந்தவர்களிடையே 10 விழுக்காடாகியது. படிக்கட்டுக்கு அருகில் இருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் கூடுதலாக நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் திரும்பத் திரும்பப் படுவதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மீதிப் பாதி, நேரம். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போல் அண்மையில் ஊர் மாறி வந்த 355 பேரிடம் புதிதாக அறிமுகமானவர்களைப் பற்றிக் கேட்டறிந்தார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நல்ல நெருக்கம் உண்டாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிய வேண்டும் என்று அவர் கணித்தார். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் வேலை செய்யும் நேரம் அவ்வளவாகப் பயன் தரவில்லை. ஓய்வாகச் சேர்ந்திருந்த நேரமே நட்பை வளர்த்தது. குடிவந்து சில வாரங்களில் யாரும் நண்பராகவில்லை என்பது, அந்த மணிநேரம் இன்னும் சேரவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

எனவே மணிநேரம் தானாகச் சேரும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். வாரந்தோறும் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் கூடும் ஏதேனும் ஒன்றில் சேருங்கள். பூப்பந்து, மொழி வகுப்பு, இசைப்பயிற்சி, நூலக வாசகர் வட்டம், எதுவானாலும் சரி. ஒரே ஒருமுறை நடக்கும் பெரிய விழாக்களைவிட, அதே ஏழெட்டுப் பேர் மீண்டும் மீண்டும் கூடும் சிறிய இடம் உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவும், ஏனெனில் அங்கே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை. கட்டடத்திலும் அப்படியே. மாலை நடையை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, லிஃப்டுக்குப் பதிலாகப் படியில் இறங்குங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள், ஒன்றும் பேசாவிட்டாலும் முகம் பழகும்.

மேல்வீட்டுக்குச் சீக்கிரமே போய்விடுவது நல்லது. தள்ளிப்போடத் தள்ளிப்போட எரிச்சல் சேரும், முகமன் சொல்ல வேண்டிய இடத்தில் புகார்தான் முதலில் வரும். அடுத்த விடுமுறை நாளிலேயே, மாலை ஐந்து ஆறு மணிக்கு, அந்தக் கம்பளித் துண்டுப் பொட்டலத்தோடு போங்கள். கதவைத் திறப்பவரிடம் உங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுத் தண்ணீர் எப்போதாவது உங்கள் கூரையில் ஊறினால் தொடர்புகொள்ள வசதியாகக் கைபேசி எண்களை மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். மேலும் கீழும் இருக்கும் இரு வீட்டாருக்கு அது எப்படியும் தேவைப்படும் என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள். நாற்காலிப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.