எயிலரான் பின்விளிம்பில் பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள்: தேய்த்துப் பூசலாமா?

உப்புவெளியான்:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை ஆள் நான், விமானப் பராமரிப்பில் பயிற்சியாளராக இருக்கிறேன். எங்கள் கைக்கு வந்திருக்கும் ஒரு செஸ்னா 152 (இரண்டு பேர் ஏறும் சிறிய விமானம்), போன வாடைக்காலம் முழுக்கச் சீனக்குடாப் பக்கம் கூரை இல்லாமல் நின்றது. கழுவித் துடைக்கும்போது வலப்பக்க எயிலரானின் (இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசையும் பரப்பு) பின்விளிம்பில், பெயின்டுக்கு அடியில், மயிரிழை அளவில் வளைந்து வளைந்து போகும் கோடுகளைக் கண்டேன். ஈர மணலில் புழு ஊர்ந்த தடம் போலவே இருக்கிறது. நகத்தால் தடவினால் மேடு தட்டுப்படுகிறது. அதோடு இரண்டு றிவெற் தலையைச் சுற்றி வெள்ளை மாவு. துடைத்துவிட்டேன், மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. மூத்தவர் ஒருவர் "வெளித்தோல்தானே, சாண்ட் பேப்பர் போட்டு ஸ்ப்ரே அடித்துவிடு" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் கூடாது என்று சொல்லவும் தெரியவில்லை. உள்ளே எப்படிப் பார்ப்பது? இனி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பழைய ஹேங்கர்:

தம்பி, பூச வேண்டாம். உமக்கு மனம் ஒப்பாதது சரியான காரணத்துக்குத்தான்.

அந்தக் கோடுகளுக்கு ஃபிலிஃபார்ம் அரிப்பு என்று பெயர். கீறல் விழுந்த இடத்திலோ றிவெற் ஓரத்திலோ உப்பும் ஈரமும் நுழைந்து பெயின்டுக்கு அடியிலேயே ஓடும். அந்தத் தகடு 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவை, அதில் ஏறக்குறைய 4 சதவீதம் செம்பு இருக்கிறது. பலம் அதனால்தான், அரிப்புக்கு இடம் கொடுப்பதும் அதனால்தான். அதைக் காக்க இரு பக்கமும் தூய அலுமினியம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். சிறிய விமானங்களின் இந்தப் பரப்புகளில் 0.016 அங்குலத் தகடு சாதாரணம். அதில் பக்கத்துக்கு 5 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பாரும், ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர்தான் வரும். சாண்ட் பேப்பரை நாலு இழுப்பு இழுத்தால் காவல் போய்விடும், அப்புறம் பூசும் பெயின்ட் நோயை மூடிவைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, றிவெற்றைச் சுற்றி வரும் வெள்ளை மாவு பெரும்பாலும் உள்ளேயிருந்து வருகிறது. தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் ஈரம் தங்கியிருக்கும். அரித்துப் போன அலுமினியம் முந்திய உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் இரண்டு றிவெற்றுக்கு நடுவில் தோல் தலையணை மாதிரி உப்பும். பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. இருட்டான பிறகு டோர்ச்சைத் தகட்டோடு படுக்கவைத்து அடித்துப் பாரும், ஒவ்வொரு உப்பலுக்கும் ஒரு நிழல் விழும்.

பின்விளிம்பின் அடிப்பக்கம் வடிகால் துளைகள் இருக்கும், முதலில் அவை திறந்திருக்கின்றனவா என்று பாரும். அதன் பிறகு பிணைச்சல். 152இன் எயிலரானில் இருப்பது பியானோ பிணைச்சல், நீளமான கம்பி ஒன்று ஊடே ஓடும். கம்பி உருக்கு, பிணைச்சல் அலுமினியம், நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பற்றரிதானே! விளிம்பைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ, கறுப்பு அல்லது செம்மைத் தூள் உதிர்ந்தாலோ கம்பியை உருவித்தான் பார்க்கவேண்டும். எலிவேட்டரின் (வாலில் மேலும் கீழும் அசையும் பரப்பு) ட்ரிம் டேப்பையும் (அதன் ஓரத்தில் இருக்கும் சிறு பரப்பு) விடவேண்டாம். செஸ்னாவின் சில பழைய டேப்களுக்குள் நுரை நிரப்பியிருக்கும். அதற்குள் ஈரம் போனால் வெளியே வர வழியில்லை. நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் கெட்ட இடத்தில் சத்தம் செத்துக் கேட்கும்.

இழுவைக் கேபிள்களில் வெளிப்பக்கம் துணியால் துடைத்தால் போதாது. இறுக்கத்தைத் தளர்த்தி, புரியை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருகி, உள் இழைகளைப் பாரும். உள்ளே கறள் இருந்தால் கேபிளையே மாற்றவேண்டும்.

கடைசியாக, மூத்தவர் மறந்த பெரிய விஷயம் நிறை. எயிலரானின் முன்விளிம்பில் ஈயக்கட்டி வைத்திருப்பது பின்பக்கத்துப் பாரத்தைச் சமன்செய்யத்தான். பின்விளிம்பில் பெயின்டின் மேல் பெயின்ட் ஏறினால் அந்தச் சமன் கெடும். கெட்டால் ஒரு வேகத்தில் பரப்பு தானாகவே அடித்துக்கொள்ளத் தொடங்கும். அதுதான் ஃப்ளட்டர், சில நொடிகளில் பரப்பையே பிய்த்துவிடக்கூடியது. பூசியபின் கழற்றிச் சமன் பார்க்காமல் அந்த விமானம் எழும்பக்கூடாது. எல்லைகள் பராமரிப்புக் கையேட்டில் எழுதியிருக்கும், அதைத் திறந்து மூத்தவரின் முன்னால் வையும்.

கின்னியாக் கரை:

நான் விமானக்காரன் இல்லை தம்பி, வள்ளத்து எஞ்சின் வேலை. ஆனால் உப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். எங்களுடைய எஞ்சின் கடலால் வந்தவுடன் பீப்பாயில் நல்ல தண்ணீர் விட்டு ஓடவைப்போம், மறுநாள் என்று தள்ளிப்போட்டவனுக்கு எஞ்சின் நெடுநாள் நிலைக்காது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன், எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? கரையோரக் கிணறு என்றால் வாயில் வைத்துப் பாருங்கள், கோடையில் பல கிணறுகள் உவர்தான். சில்வர் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்தபின் வெள்ளை வட்டம் விழுந்தால் அந்தத் தண்ணீரை விமானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். உப்பைக் கழுவப் போய் உப்பைப் பூசிவிட்டு வருவீர்கள்.

பழைய ஹேங்கர்:

நானா சொன்னதை அப்படியே எழுதி ஒட்டும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காய்ந்த உப்புத் தூளே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். நம்மூர் இரவுகளுக்கு மழை தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் சீனக்குடாவில் டச்சுக்காரர்களின் 321ஆவது ஸ்குவாட்ரன் கட்டலினா என்ற கடல் விமானங்களை வைத்திருந்தது. அவற்றின் சுக்கான், எயிலரான் எல்லாம் துணி போர்த்தியவை, ஆனாலும் உடம்பு அலுமினியம்தான். இந்தக் குடா அன்றும் இதே காற்றைத்தான் வீசியது.

உப்புவெளியான்:

அண்ணை, நானா, இருவருக்கும் நன்றி. இன்று மேலாளர் பொறியியலாளரின் அனுமதியோடு கழற்றினோம். நாலு வடிகால் துளைகளில் மூன்றைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. மரக்குச்சியால் எடுத்தவுடன் ஒரு மேசைக்கரண்டி அளவு தண்ணீர் வடிந்தது, நாக்கில் வைத்தேன், கரித்தது. உள்பக்கம் றிவெற் வரிசையில் சாம்பல் நிறப் புள்ளிகள், ஊசி முனையால் தொட்டால் இறங்குகிறது. தோல் மாற்றுவதென்று பொறியியலாளர் முடிவு செய்துவிட்டார். கிணற்றுத் தண்ணீரையும் தட்டில் வைத்தேன். வட்டம் விழுந்தது.

இனி ஏசிஎஃப்-50 (அரிப்பைத் தடுக்கும் எண்ணெய்) அடிக்கலாமா?

பழைய ஹேங்கர்:

அடிக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். புதுத் தோலுக்கு அலோடைன் (அலுமினியத்தில் காப்புப் படலம் உண்டாக்கும் இரசாயனப் பூச்சு), எபொக்சி பிரைமர், பெயின்ட், சமன் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளே அடிக்கவேண்டும். முன்னால் அடித்தால் பெயின்ட் பிடிக்காது. வாரக்கணக்கில் றிவெற் ஓரங்களில் எண்ணெய் கசியும், பயப்படவேண்டாம், துடைத்தால் போதும். நுரை டேப்புக்குள் அடிக்கவேண்டாம். எங்கேயும் ஸ்டீல் வூல் தொடக்கூடாது, உருக்குத் துகள் அலுமினியத்தில் பதிந்து புதுப் பற்றரி ஆகிவிடும்.

குளவிக்கு, ஒவ்வொரு முறை கழுவும்போதும் துளைகளில் ஒரு நைலோன் இழையை விட்டுப் பாரும். அடுத்த வாடை தொடங்குமுன் இடப்பக்க எயிலரானையும் திறக்கச் சொல்லும், அதுவும் அதே காற்றில்தானே நின்றது.