குளிர் வந்ததும் டயர் விளக்கு எரிகிறது: காற்று அடித்தால் போதுமா, கடைக்குப் போக வேண்டுமா?

டிராய்க்காரன் (மிச்சிகன்):

வணக்கம். கோவையிலிருந்து வந்த எங்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம். கோடையில் ஒரு பழைய கொரோலா வாங்கினேன், செப்டம்பரில் ஆயில் மாற்றியபோது டயருக்கும் காற்று பார்த்துக் கொடுத்தார்கள். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வாரம் ராத்திரியில் 5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கிவிட்டது, அதாவது மைனஸ் 15 செல்சியஸ். காலையில் வண்டியைக் கிளப்பினால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு. குதிரை லாடம் மாதிரி வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் தானாக அணைந்துவிடுகிறது. சாயங்காலம் பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது மறுபடி எரிகிறது.

ஆபீஸில் ஒருவர், "குளிருக்கு எல்லார் காரிலும் எரியும், கண்டுக்காதீங்க" என்கிறார். இன்னொருவர் நைட்ரஜன் அடிக்கச் சொல்கிறார். குழந்தையை வைத்துக்கொண்டு இந்தக் காரில் ஹைவேயில் ஏற மாட்டேன் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. எந்த டயர் என்றும் இந்தக் கார் காட்டாது. ஊரில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் அங்கே இருக்கும் பையனே நாலு டயருக்கும் பார்த்து அடித்துவிடுவான், காற்றழுத்தம் அளக்கும் கேஜை நான் கையால் தொட்டதில்லை. இங்கே காசு போடும் மெஷின் முன்னால் நின்று முழிக்கிறேன். எவ்வளவு அடிக்க வேண்டும்? டயர் மேலேயே மேக்ஸ் 44 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று போட்டிருக்கிறது. அதுதான் கணக்கா?

ரயர்க்கடை (ஸ்காபரோ):

தம்பி, அந்த 44-ஐ விட்டுவிடுங்கள். அது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் காருக்கு வேண்டிய அளவு இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் தூணில் பாருங்கள். வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் ரயர், பின் ரயர், ஸ்பேர் மூன்றுக்கும் அதில் எழுதியிருக்கும். உங்கள் காருக்கு அநேகமாக 32, 33 என்று வரும். அதுவும் ரயர் ஆறியிருக்கும்போது உள்ள அளவு. கார் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒரு மைலுக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது.

இனி விளக்கு விஷயம். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் 75 டிகிரியில் 32 அடித்த ரயர், 5 டிகிரி குளிரில் 25, 26-க்கு வந்து நிற்கும். காற்று எங்கேயும் வெளியே போகவில்லை, உள்ளேயே சுருங்கிவிட்டது. அதற்கு மேல், ஓட்டை எதுவும் இல்லாத நல்ல ரயரும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் மெல்ல மெல்ல இழக்கும். அமெரிக்கச் சட்டப்படி ஸ்டிக்கரில் உள்ள அளவை விட 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். 32-க்கு அது 24. குளிர் ஆறு பிஎஸ்ஐயை எடுத்துவிட்டது, நாலு மாதக் கசிவு மிச்சத்தை எடுத்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது. ஓட ஓட ரயர் சூடாகி மூன்று நாலு பிஎஸ்ஐ ஏறும், அதனால் அணைகிறது. அணைந்தது என்பதற்காகச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"எல்லாருக்கும் எரியும்" என்று கதைக்கிற ஆட்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. குளிர் என்றால் நாலு ரயரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கும். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அது குளிர் இல்லை, ஓட்டை. உங்கள் கார் எது என்று காட்டாததால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, இந்தக் காலத்து ரேடியல் ரயர் 32-லும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும், 24-லும் அப்படித்தான் நிற்கும். ஒரு கேஜ் வாங்குங்கள், மலிவானதே காணும். காலையில் கார் எடுக்கும் முன் நாலையும் அளந்து, காற்று அடிக்கும் முன் உள்ள எண்களை இங்கே போடுங்கள். அடித்த பிறகு அளந்தால் எது களவாக இழக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

பனிப்பாதை (எட்மன்டன்):

நைட்ரஜன் பற்றி ஒரு வார்த்தை. நாம் அடிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். குளிரில் சுருங்குவதில் அதற்கும் சாதாரணக் காற்றுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஈரம் இருக்காது, ரப்பர் வழியாகக் கசிவது சற்றுக் குறையும், அவ்வளவுதான். எங்காவது இலவசமாக அடித்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு கேஜ் வாங்கலாம்.

மீனா_மினியாபொலிஸ்:

அண்ணா சொன்னதெல்லாம் சரி. காற்று அடிக்கப் போகும் இடத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ரொம்பக் குளிரான நாளில் காஸ் ஸ்டேஷன் கம்ப்ரசரின் குழாயில் ஈரம் தங்கியிருக்கும். அதை அப்படியே டயரில் வைத்து அழுத்தினால் அந்த ஈரம் வால்வுக்குள் போய் உறைந்துவிடும். வால்வு நடுவில் இருக்கும் ஊசி திரும்பி மேலே வராது. குழாயை எடுத்தால் உஸ்ஸென்று காற்று வந்துகொண்டே இருக்கும், அடிக்கப் போன டயர் கண் முன்னால் சப்பையாகும். அதனால் முதலில் குழாயின் வாயை வெறுமனே அழுத்திச் சில விநாடி காற்றை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் வால்வில் வையுங்கள். அப்படியும் ஊசி மாட்டிக்கொண்டால் வால்வு மூடியை இறுக்கமாகப் போட்டுவிட்டு, எங்காவது சூடான இடத்துக்கு ஓட்டிப் போய் உருகவிட்டு மறுபடி அளக்க வேண்டும். மூடி காற்றைப் பிடித்து வைப்பதற்கு இல்லை, ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துக்குக் கை கொடுக்கும்.

மைனஸ் 20-க்குக் கீழே போனால் இங்கே பாதி மெஷின்களில் "வேலை செய்யவில்லை" என்று பை கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்று டிக்கியில் இருந்தால் இந்த அலைச்சலே இல்லை. வேண்டிய எண்ணை அதில் வைத்துவிட்டால் அதுவே வந்ததும் நின்றுவிடும். எஞ்சின் ஓடட்டும், இல்லையென்றால் குளிரில் பேட்டரி படுத்துவிடும்.

டிக்கியைத் திறக்கும்போது ஸ்டெப்னியையும் பாருங்கள். ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதற்கு 60 பிஎஸ்ஐ வேண்டும். மற்ற டயர்களுக்குள் இருந்து காற்றழுத்தத்தைக் காருக்குச் சொல்லும் சென்சார் பெரும்பாலும் அதில் கிடையாது. காலியாக இருந்தாலும் எந்த விளக்கும் எரியாது, பனியில் நின்று ஜாக்கி வைக்கும் நாளில்தான் தெரியும்.

டிராய்க்காரன்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஸ்டிக்கரில் 32 என்று இருக்கிறது. காலையில் கையுறையைக் கழற்றிவிட்டு அளந்தேன், விரல் விறைத்துப் போனது. முன்னால் இடது 25, வலது 25. பின்னால் இடது 26, வலது 19. நாலுக்கும் 32 அடித்துவிட்டேன், விளக்கு அணைந்தது. பின் வலது 19 என்பது பயப்பட வேண்டிய விஷயமா? டயரைச் சுற்றிப் பார்த்தேன், ஆணி எதுவும் கண்ணில் படவில்லை.

ரயர்க்கடை:

இதற்குத்தான் அடிக்கும் முன் அளக்கச் சொன்னேன். மூன்று ரயரும் குளிருக்கு என்ன இறங்க வேண்டுமோ அதைத்தான் இறங்கியிருக்கின்றன. பின் வலது கசிகிறது. மற்றதை விட ஆறு ஏழு குறைவு. இந்தக் குளிர் வராவிட்டால் அது இன்னும் கொஞ்ச நாள் 26-லேயே சத்தமில்லாமல் ஓடியிருக்கும், விளக்கும் எரிந்திராது.

ஆணி தெரியவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ரிம்மை. மிச்சிகனில் ஓடிய பழைய கார், அலோய் ரிம். வீதியில் போடும் உப்பு, ரயரின் உதடு ரிம்மில் பொருந்தும் வளையத்துக்குள் போய் அலுமினியத்தை அரிக்கும். வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பொருக்குக் கட்டியிருக்கும். குளிரில் ரப்பரும் விறைப்பதால் அந்தப் பொருக்குக்கு ஏற்றபடி மடங்கிக் கொடுக்காது, இடுக்கு வழியாகக் காற்று போகும். கோடையில் கசியாத ரயர் ஜனவரியில் கசிவது பல நேரம் இதனால்தான். எங்கள் கராஜுக்கு முதல் குளிர் விழுந்த வாரம் வரும் கார்களில் ஆணி ஏறியதை விட இது அதிகம் என்றே சொல்வேன்.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ரிம் ஓரம் முழுக்க, வால்வு அடி, வால்வு வாய், ரயர் முகம் எல்லாம் வடிவாகத் தெளித்துப் பாருங்கள். வெளியில் செய்தால் தண்ணீர் அங்கேயே உறையும், மூடிய பார்க்கிங்கில் செய்யுங்கள். மெல்லிய கசிவென்றால் குமிழி பெரிதாக வராது, பொடிப்பொடியாக நுரை பூக்கும். ஒரு நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள். ரிம் ஓரமென்றால் கடையில் ரயரைக் கழற்றி, கம்பித் தூரிகையால் பொருக்கைத் தேய்த்தெடுத்து, ஓரத்துக்கு சீலர் பூசி மாட்டித் தருவார்கள். புது ரிம், புது ரயர் என்று உடனே ஆரம்பித்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள். கழற்றும்போது வால்வோடு உள்ளே சென்சர் இருக்கிறது என்று நினைவூட்டுங்கள், தெரியாத கை லீவரைப் போட்டால் உடைந்துவிடும்.

இன்னொன்று. வால்வு மூடி பிளாஸ்டிக்கா, உலோகமா என்று பாருங்கள். அழகுக்கு வாங்கும் பித்தளை, குரோம் மூடிகளை இந்த உப்பு அலுமினிய வால்வோடு சேர்த்துப் பிடிக்க வைத்துவிடும். குறடு போட்டுத் திருகினால் மூடி வராது, வால்வு முறிந்து கையோடு வரும், சென்சரும் அதோடு போச்சு. கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் நல்லது.

புதுக்குடித்தனம் (ஒட்டாவா):

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் காரில் விளக்கு கிளப்பியதும் ஒரு நிமிடம் விட்டு விட்டு மின்னுகிறது, பிறகு அணையாமல் நிற்கிறது. விண்டர் டயர் மாட்டிய நாளிலிருந்து இப்படித்தான். காற்று நாலிலும் சரியாக இருக்கிறது.

ரயர்க்கடை:

மின்னிவிட்டு நின்றால் அது காற்றுக் குறைவு இல்லை, சிஸ்டம் சென்சரைக் காணவில்லை என்று அர்த்தம். விண்டர் ரயரைத் தனி ஸ்டீல் ரிம்மில் வாங்கியிருப்பீர்கள், அதில் சென்சர் போட்டிருக்க மாட்டார்கள். கனடாவில் இந்த சிஸ்டம் கட்டாயம் இல்லை, அப்படியே ஓட்டலாம். ஆனால் விளக்கு நிரந்தரமாக எரிவதால் ஏப்ரல் வரை அது உங்களுக்கு எதையும் சொல்லப் போவதில்லை, மாதம் ஒருமுறை கேஜால் நீங்களே அளக்க வேண்டும். ஸ்டீல் ரிம் இல்லை, கார் வாங்கியபோது வந்த ரிம்தான் என்றால் சென்சரின் பேட்டரி முடிந்திருக்கலாம். ஐந்திலிருந்து பத்து வருடம் வரை வரும், பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற முடியாது.

டிராய்க்காரன்:

அண்ணா சொன்னதேதான், ரிம் ஓரத்தில் நுரை. கடையில் கழற்றிக் காட்டினார்கள், உள் வளையத்தில் கையளவு நீளத்துக்கு உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தது, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. தேய்த்துப் பூசி மாட்டியாயிற்று. ஆனால் கடையிலிருந்து எடுக்கும்போது விளக்கு மறுபடி எரிகிறது! அவர்கள் 32 அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே செட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். அழுத்தட்டுமா?

ரயர்க்கடை:

கொஞ்சம் பொறுங்கள். கார் நிற்கும்போது சென்சர் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும், சக்கரம் உருண்டால்தான் எழும்பிப் புது எண்ணை அனுப்பும். பெரிய வீதியில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள், அணையும்.

செட் பட்டன் விளக்கை அணைக்க வைத்த பட்டன் இல்லை. இந்த நிமிடம் ரயரில் என்ன இருக்கிறதோ அதையே சரியான அளவு என்று காருக்குப் பழக்கிவிடுவது. 24 இருக்கும்போது அழுத்தினால் 24-தான் சரி என்று எடுத்துக்கொள்ளும், பிறகு 20-க்கு இறங்கினாலும் வாயே திறக்காது. உங்கள் காரில் முன்னால் வைத்திருந்தவர் அப்படி அழுத்தி வைத்திருக்கவும் கூடும். ஆகவே இன்று அழுத்த வேண்டாம். நாளைக் காலையில் ஆறிய ரயரில் அளந்து, நாலும் 32 என்று பார்த்த பிறகு, கார் நின்ற நிலையில் சாவியை ஆன் செய்து, விளக்கு மெல்ல மூன்று தடவை மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். அதன் பிறகு கொஞ்ச நேரம் ஓட்டினால் காணும்.

டிராய்க்காரன்:

அணைந்துவிட்டது, வீட்டுக்கு வரும் வழியிலேயே. செட்டை நாளைக்குப் பார்க்கிறேன். கராஜுக்குள் வைத்து அளந்தால் அதே 32-தானா அண்ணா? உள்ளே ஹீட்டர் இருக்கிறது.

ரயர்க்கடை:

உள்ளே 55 டிகிரி, வெளியே 15 என்றால் நாலு பிஎஸ்ஐ கூட வையுங்கள், 36. வெளியில் கொண்டு போய் ஆறியதும் 32-க்கு வந்துவிடும். மார்ச் கடைசியில் வெயில் வந்ததும் மறக்காமல் அளந்து, கூடினதை வெளியே விடுங்கள்.