புதுப்பிப்பு: லேசர் புள்ளிகளைச் சமப்படுத்துவது எப்படி?

ஒற்றை அணுக்களை லேசர் புள்ளிகளில் பிடித்து வைப்பது பற்றி முன்பு எழுதியபோது, நூற்றுக்கணக்கான புள்ளிகளையும் ஒரே பிரகாசத்தில் வைப்பது எப்படி என்ற கேள்வி பாக்கி இருந்தது. இப்போது அதற்கு வருகிறேன்.

ஒரே லேசரைப் பல புள்ளிகளாகப் பிரிக்க, திரவப் படிகத் திரை ஒன்று அதன் கட்டத்தை (phase, அதாவது ஒளி அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) பிக்சல் பிக்சலாக மாற்றுகிறது. வேண்டிய புள்ளிகள் கிடைக்கத் திரையில் எந்தக் கட்ட வடிவம் வேண்டும் என்பதை 1972இல் வந்த கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் கணக்குமுறை தரும். அப்புறம் கேமராவில் பார்த்து, மங்கலான புள்ளிகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து மறுபடி கணக்கிடுவார்கள்.

சரி, இது போதுமா? போதாது. அணுக்கள் இருப்பது வெற்றிடக் கலனுக்குள். கலனின் ஜன்னல் கண்ணாடி சேர்க்கும் பிறழ்ச்சி (ஒளி சரியாகக் குவியாமல் சிதைவது) வெளியே இருக்கும் கேமராவுக்கு முழுதாகத் தெரியாது. அதனால் அணுவையே அளவுகோலாக்குகிறார்கள்: ஒளி அதன் ஆற்றல் மட்டங்களை எவ்வளவு நகர்த்துகிறது என்று புள்ளிக்குப் புள்ளி அளந்து திருத்துகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.