பாலக்கோட்டிலிருந்து பால்வெளி தெரியவில்லை: சித்தேரி போகலாமா, வேதாரண்யம் கடற்கரைக்கே போய்விடலாமா?

பாலக்கோடு அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். எட்டாவது படிக்கும் என் மகளுக்குப் பால்வெளியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பள்ளியில் பரிசாக 10க்கு 50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) ஒன்று கிடைத்ததிலிருந்து ஆசை இன்னும் கூடிவிட்டது. தை அமாவாசை அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடியில் ரொம்ப நேரம் படுத்துப் பார்த்தோம். அப்புறம் இருட்டாக இருக்கும் என்று நம்பி கிருஷ்ணகிரி கேஆர்பி அணைப் பக்கமும் போனோம். கார்த்திகை, ஓரியன், திருவாதிரை எல்லாம் நன்றாகத் தெரிகின்றன, தெற்கே தாழ்வாக ஒன்று பளிச்சென்று இருந்தது, ஆனால் படங்களில் வரும் அந்த வெள்ளைப் பட்டை மட்டும் எங்கேயும் இல்லை. என் தங்கையைக் கொடுத்திருப்பது வேதாரண்யத்தில். கடல் பக்கம் கும்மிருட்டு, மே விடுமுறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். அதுவரை காத்திருக்க வேண்டுமா, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறதா? ஒகேனக்கல், வத்தல்மலை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குடும்பத்தோடு போவதால் பாதுகாப்பும் முக்கியம்.

அரூர் வான்நோக்கி:
அண்ணா, இடத்தைப் பற்றிப் பேசும் முன் நேரத்தைப் பார்ப்போம். நீங்கள் படங்களில் பார்க்கும் தடித்த பட்டை பால்வெளியின் மையப் பகுதி. அது தனுசுக்கும் விருச்சிகத்தின் வாலுக்கும் நடுவில் இருக்கிறது. தை மாதத்தில் அது உதிக்கவே விடியற்காலை நாலு மணி ஆகிவிடும், அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் கிழக்கு வெளுத்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு ஓரியனுக்குப் பக்கத்தில் ஓடுவதும் பால்வெளிதான், ஆனால் அது மையத்துக்கு எதிர்ப்புறம் என்பதால் ரொம்ப மங்கல், நல்ல இருட்டில் பழகிய கண்ணுக்கு மட்டும்தான் பிடிபடும். தெற்கே பளிச்சென்று பார்த்தது அகத்தியர் நட்சத்திரமாகத்தான் (கனோபஸ்) இருக்கும். அந்த நேரத்துக்கு நம் ஊரிலிருந்து சுமார் 25 பாகை (டிகிரி) உயரத்தில் நிற்கும்.

பங்குனி நடுவில் மையம் நள்ளிரவு தாண்டி எழும். சித்திரை அமாவாசை சமயத்தில் பத்தரை, பதினொன்றுக்கே எழுந்துவிடும், ஒரு மணிக்குத் தென்கிழக்கில் நல்ல உயரத்துக்கு வந்துவிடும். பாப்பாவுக்குப் பரீட்சையும் அதற்குள் முடிந்திருக்கும்.

இப்போது இடம். பாலக்கோட்டு மாடியில் நின்று தெற்கே, தென்கிழக்கே பார்த்தால் தருமபுரி டவுன் வெளிச்சம் நேர் குறுக்கே வருகிறது. நீங்கள் தேடும் பட்டை எழுவதும் அதே பக்கம். ஊரை விட்டு எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போகிறோம் என்பதை விட, எந்த ஊர் நமக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் முக்கியம். வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு நிற்கும்படி இடம் தேட வேண்டும். அந்தக் கணக்கில் வத்தல்மலையும் அடிபடுகிறது. மலை உயரம்தான், குளிரும் அருமையாக இருக்கும், ஆனால் தெற்கே சேலம் மாநகரமே இருக்கிறது. எங்கள் அரூர் பக்கத்துச் சித்தேரி மலைக்குப் போனால் சேலம் தென்மேற்கே ஒதுங்கிவிடும், தென்கிழக்கில் கல்வராயன் மலைதான், பெரிய ஊர் கிடையாது. என்னுடைய முதல் தேர்வு அதுதான்.

ஓசூர் வேலு:
கேஆர்பி அணையில் தெரியாததற்குக் காரணம் எளிது சார். கிழக்கே கிருஷ்ணகிரி டவுன், பக்கத்திலேயே நெடுஞ்சாலை, வடமேற்கே ஓசூர் சிப்காட், அதற்கும் பின்னால் பெங்களூரு. எங்கள் ஊரில் அமாவாசை இரவிலும் வடக்கு வானம் மஞ்சள் பூத்துத்தான் கிடக்கும். ஓசூரைச் சுற்றிச் சில சாமந்தித் தோட்டங்களில் பூப்பதைத் தள்ளிப்போட்டுச் செடியை உயர வளர்க்க இரவெல்லாம் பல்பு எரிய விடுகிறார்கள், அந்தப் பக்கம் போனால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டை அளக்க 1 முதல் 9 வரை பார்ட்டில் அளவு என்று ஒன்று உண்டு, 2001இல் ஜான் பார்ட்டில் என்பவர் கொடுத்தது. 1 என்றால் சுத்தமான இருட்டு, 9 என்றால் மாநகர நடுமையம். ஒளி மாசு வரைபடம் என்று இணையத்தில் தேடினால் ஊர்வாரியாக நிறம் போட்டுக் காட்டும். அதில் நிற்கப் போகும் இடத்தின் நிறத்தை மட்டும் பார்க்காமல், தெற்கே ஐம்பது கிலோமீட்டர் வரை என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

பென்னாகரம் டீச்சர்:
ஒகேனக்கல் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மேற்கு வானம் உண்மையிலேயே இருட்டு, காவிரிக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கர்நாடகத்துக் காடு. ஆனால் இது யானை நடமாடும் பகுதி. பென்னாகரத்திலிருந்து இறங்கும் காட்டுச் சாலையிலோ அஞ்செட்டி வழியிலோ இரவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அண்ணாந்து பார்ப்பது கூடவே கூடாது. இருட்டில் அமைதியாக நிற்கிற யானை பத்தடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது. தேன்கனிக்கோட்டை, பஞ்சப்பள்ளிப் பக்கமும் அதே கதைதான். குழந்தையை அழைத்துக்கொண்டு தயவுசெய்து இந்தப் பக்கம் இரவில் வராதீர்கள். தெற்கே மேட்டூர் வெளிச்சமும் உண்டு என்பதால் நீங்கள் தேடுவதற்கு இது அவ்வளவு பொருத்தமும் இல்லை.

வேதை உப்புக்காற்று:
வேதாரண்யம் என்று பார்த்ததும் எழுதுகிறேன் அண்ணே. தங்கச்சி சொல்வது பாதி சரி. எங்களுக்குக் கிழக்கே வங்கக்கடல், தெற்கே கோடியக்கரைக் காடும் பாக் நீரிணையும், அதனால் தெற்கு அடிவானம் வரைக்கும் பார்க்கலாம், மலை மறைக்காது. ஆனால் கடல் என்றாலே இருட்டு என்று நினைக்க வேண்டாம். மீன்பிடிப் படகுகள் விளக்குப் போட்டு நிற்கும், ஆறுகாட்டுத்துறைப் பக்கம் ஆள் நடமாட்டமும் விளக்கும் அதிகம், கோடியக்கரைக் கலங்கரை விளக்கம் வேறு சுற்றிக்கொண்டே இருக்கும். வடக்கே புஷ்பவனத்துக்குப் போனால் கடற்கரை அழகு, ஆனால் வேதாரண்யம் டவுன் உங்களுக்குத் தெற்கே வந்துவிடும். டவுனைத் தாண்டிக் கோடியக்காடு போகும் வழியில் ஊர் ஒட்டிய திறந்த இடமாகப் பார்ப்பதுதான் நல்லது. சரணாலயத்துக்குள் இரவில் போக முடியாது.

இன்னொரு பெரிய சங்கடம் ஈரம். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அடிவானத்தை ஒட்டிப் பத்துப் பாகைக்கு ஒரு வெண்புகை மாதிரி நிற்கும், மங்கலான நட்சத்திரங்களை அது விழுங்கிவிடும். பைனாகுலர் கண்ணாடியில் பனி படியும், உப்பும் சேர்ந்து ஒட்டும். சட்டைத் துணியால் துடைத்தால் கீறல்தான். முதலில் ஊதும் பம்ப்பால் தூசியைத் தள்ளிவிட்டு, அப்புறம் லென்ஸ் துணியால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு வந்தால் தென்சிலுவையைப் பாருங்கள், தென்வானத்தில் சிலுவை வடிவில் நிற்கும் நட்சத்திரக் கூட்டம். அதற்குத்தான் கடற்கரை. மே நடுவில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தெற்கே நேராக நிமிர்ந்து நிற்கும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்துப் பாகை, அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே சிலுவையின் அடி நட்சத்திரம், இரண்டு முஷ்டி தாண்டி மேல் நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம் பளிச்சென்று இரண்டு வரும், ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆமை முட்டையிட வரும் கரை இது, அந்த மாதங்களில் யார் வந்தாலும் மணலில் டார்ச் அடிக்காதீர்கள், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

பாலக்கோடு அப்பா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வானத்தில் அது இல்லாத நேரத்தில் தேடியிருக்கிறோம் என்பது இப்போது புரிகிறது. அரூர் தம்பி, சித்தேரிக்கு இரவில் மலைப்பாதை ஏறுவது சரிவருமா? அடிவாரத்திலேயே, கோட்டப்பட்டிப் பக்கம் நின்றால் போதுமா? தென்சிலுவை நம் ஊரில் தெரியவே தெரியாதா? அப்புறம் மகள் போனில் படம் எடுக்க முடியுமா என்று கேட்கச் சொல்கிறாள்.

அரூர் வான்நோக்கி:
இரவில் ஏறாதீர்கள் அண்ணா. வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய், ஊர்க்காரர்களிடம் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு, ஊரை ஒட்டிய வெட்டவெளியிலேயே பாயை விரியுங்கள். மலைவாழ் மக்கள் நல்ல மாதிரிப் பேசுவார்கள், யாரோ இருட்டில் வந்து நிற்கிறார்கள் என்று அவர்கள் பயப்படாமல் இருக்கவும் முன்கூட்டிச் சொல்வது அவசியம். காட்டுக்குள் இறங்க வேண்டாம், அது வனத்துறை இடம், விலங்கும் உண்டு. விடிந்த பிறகு இறங்கினால் போதும்.

அடிவாரத்திலும் பார்க்கலாம், பால்வெளி மையம் உச்சத்தில் ஏறக்குறைய 49 பாகை வரும் என்பதால் மலை மறைக்காது. தென்சிலுவைதான் சிக்கல். நம் ஊரிலிருந்தும் தெரியும், ஆனால் அதன் அடி நட்சத்திரம் 15 பாகையைத் தாண்டாது. தெற்கே மலை இருந்தால் போச்சு. அதைப் பார்க்க ஊத்தங்கரை, தீர்த்தமலைப் பக்கச் சமவெளியில் தெற்கு திறந்த வயலாகப் பார்த்து நிற்கலாம்.

மேகமும் புகையும் கவனிக்க வேண்டியவை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காய்ந்த காட்டில் எங்காவது தீப்பிடித்தால் புகை நாள்கணக்கில் நிற்கும். கோடை மழை ஒன்று பெய்து மறுநாள் வானம் வெளுத்தால் விடாதீர்கள், தூசி எல்லாம் அடங்கி வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

போன் படம் முடியும். சின்ன ட்ரைபாடில் வைத்து, புரோ மோடில் ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, 15 முதல் 30 விநாடி, ஃபோகஸ் முடிவிலி, டைமர் 2 விநாடி. ஆனால் முதல் அரை மணி நேரம் போனை எடுக்கவே வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், ஒரு தடவை திரையைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். பைனாகுலரை விருச்சிகத்தின் வாலிலிருந்து தனுசு வரை மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள், கொத்துக் கொத்தாக நட்சத்திரம் வந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால், பத்து மணி சுமாருக்குத் தெற்கே மூன்று முஷ்டி உயரத்தில் ஒரு மங்கலான உருண்டை தெரிகிறதா என்று தேடுங்கள். ஒமேகா சென்டாரி, லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருங்கி அடர்ந்த கொத்து.

ஆலங்காயம் ராத்திரிப் பறவை:
காவலூரை யாரும் சொல்லவில்லையே! ஜவ்வாது மலையில், ஆலங்காயத்திலிருந்து ஏறும் வழியில், 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத, தென்வானம் நன்றாகத் தெரிகிற இடம் வேண்டும் என்றுதான் வானியல் அறிஞர் வைணு பாப்பு அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1 மீட்டர் தொலைநோக்கி 1972இல் வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்டதே, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது. எட்டாவது படிக்கும் பிள்ளை கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் விசாரித்துவிட்டுப் போங்கள். மலையில் ஹெட்லைட்டை உயர்த்திப் போடாமல் ஓட்டுங்கள், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

பாலக்கோடு அப்பா:
முடிவு செய்துவிட்டோம். பரீட்சை முடிந்ததும் சித்திரை அமாவாசையை ஒட்டி சித்தேரி, மே நடுவில் தங்கை வீட்டுக்குப் போகும்போது தென்சிலுவை. காவலூருக்கு ஒரு சனிக்கிழமை தனியாகப் போகிறோம். மகள் இப்போதே நோட்டில் திசை போட்டு வரைந்து வைத்திருக்கிறாள், தருமபுரியும் சேலமும் எந்தப் பக்கம் என்று.

வேதை உப்புக்காற்று:
பாப்பாவுக்கு வாழ்த்து. வரும் வாரத்தில் தங்கச்சியிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், முந்தின இரவுகளில் அடிவானம் தெளிவாக இருந்ததா என்று. கொசு நிறைய, முழுக்கைச் சட்டை போட்டு அழைத்து வாருங்கள்.

அரூர் வான்நோக்கி:
அண்ணா, பெட்ரோலும் சாப்பாடும் அரூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், சித்திரையிலும் மேலே இரண்டு மணிக்கு மேல் குளிரும்.