நிறம் மாறும் நீலக்கல்: எங்கே சோதிப்பது?

வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். மாமியார் கொடுத்த மோதிரத்தின் கல் இயற்கையானதா, செயற்கையா என்று தெரியாமல் மோதிரத்தைப் பெரிதாக்கும் வேலை நிற்கிறது.

நீள்வட்டக் கல், பின்பக்கம் மூடியிருக்கிறது. ஜன்னலோரம் நீலம், பழைய குண்டு பல்பின் கீழ் நல்ல ஊதா. எல்இடியில் இரண்டுங்கெட்டான். 1980-களில் இலங்கையின் இரத்தினபுரியில் வாங்கியதாம், ரசீது இல்லை. இலங்கையில் இப்படி நீலக்கல் கிடைப்பது உண்மைதான். ஆனால் வனேடியம் என்ற உலோகம் சேர்த்து உருக்கிச் செய்த கற்களும் இதே வித்தை காட்டும். அவற்றை ‘அலெக்சாண்ட்ரைட்’ (நிறம் மாறும் வேறொரு இயற்கைக் கல்) என்றே விற்பவர்கள் உண்டு. ஆக, நிறம் மாறுவது எதற்கும் சாட்சி இல்லை.

லூப் (கல் பார்க்கும் உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தேன். இயற்கைக் கல்லில் வரும் ஊசி இழைகளும் இல்லை, செயற்கையில் வரும் வளைகோடுகளும் தெரியவில்லை. சவுகார்பேட்டையில் ஒருவர் அசல் என்றார், இன்னொருவர் கையில் வாங்கியதுமே போலி என்றார். எழுதித் தர இருவருமே தயாரில்லை. அளவைப் பெரிதாக்கக் கல்லோடே பற்றவைக்கலாம் என்கிறார் பத்தர். பற்றவைக்கப் பூசும் வெண்காரம் பட்டுச் சூடேறினால் நீலக்கல்லின் மேற்பரப்பு அரித்துவிடும், அதனால் சரி என்று சொல்லவில்லை.

மோதிரத்திலிருந்து கழற்றாமலே கல்லைச் சோதித்து எழுத்தில் சான்று தரும் ஆய்வுக்கூடம், வட சென்னையிலோ பக்கத்திலோ நீங்கள் போய்ப் பார்த்தது எது?