அத்தை, ‘பிரைடில்’னா என்ன?

ஷைனி: ரூபி அத்தை, ஒரு டவுட். கதையில ‘ஷி பிரைடில்டு’னு வருது. பிரைடில்னா கடிவாளம்தான? அந்தக் கதையில குதிரையே இல்ல 😭

பெரியப்பா: பிரைடுன்னா கல்யாணப் பொண்ணு. சிங்காரிச்சிக்கிட்டான்னு எழுது.

ரூபி அத்தை: அண்ணே, சும்மா இருங்க. ஷைனி, அப்படி எழுதிராத. லகானைச் சட்டுனு இழுத்தா குதிரை என்ன செய்யும்? தலையை வெடுக்குனு தூக்கி, தாடையை உள்ள இழுத்துக்கும். மனுஷங்க ரோஷத்துல அப்படிச் செஞ்சா அதான் பிரைடில்டு. 15ஆம் நூற்றாண்டுலயே இந்த அர்த்தம் வந்தாச்சு.

ஷைனி: முகத்தை வெட்டிக்கிட்டாளா?

ரூபி அத்தை: சிலுப்பிக்கிட்டான்னா இன்னும் பொருந்தும். பெரியம்மாட்ட ‘குழம்புல உப்பு இல்ல’ன்னு சொல்லிப் பாரு, தெரியும்.

பெரியம்மா: நானும் குரூப்லதான் இருக்கேன் 😐

ஷைனி: 😂😂 டிக்ஷனரில ‘அடக்கு’ன்னும் இருக்கே அத்தை?

ரூபி அத்தை: அது இன்னும் பழசு. பழைய இங்கிலீஷ்ல குதிரைக்குக் கடிவாளம் மாட்டுறதுதான் பிரைடில். 1200 வாக்குல ‘அடக்கு’ன்னு ஆச்சு. யாக்கோபு 1:26ல ‘நாவை அடக்காமல்’னு வாசிக்கோம்லா? 1611 இங்கிலீஷ் பைபிள்ல அந்த இடத்துல பிரைடில்தான். நாக்கு, கோவம், ஆசைனு எதாவது பின்னால வந்தா அடக்குறது. ‘பிரைடில் அட்’னு வந்தா சிலுப்புறது. குதிரைக்காரன் செய்யதுக்கும் குதிரை செய்யதுக்கும் ஒரே வினை. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு.

சாம் சித்தப்பா (லீட்ஸ், இங்கிலாந்து): இங்க ‘பிரைடில்வே’ன்னு நீல அம்புக்குறி போட்ட பாதை நிறைய உண்டுக்கா. குதிரையில போறதுக்கு. 1968 சட்டத்துக்கு அப்புறம் சைக்கிளும் விடலாம், ஆனா நடக்கிறவங்களுக்கும் குதிரைக்கும் வழி விடணும்.

பெரியப்பா: கல்யாணம் எங்க போச்சு?

ரூபி அத்தை: அது வேற வேர்ண்ணே. பிரைடில், வெடுக்குனு இழுக்குற ஒரு பழைய வினையோட சொந்தம். சடை பின்னுற ‘பிரெய்டு’ம் அதுலருந்துதான். ‘பிரைடல்’தான் கல்யாணம். பிரைடும் ‘ஏல்’ங்கிற பீரும் சேந்தது. கல்யாண வீட்டுக் குடி விருந்து.

பெரியப்பா: வெள்ளைக்காரன் விவரமாத்தான் இருந்திருக்கான் 🍺

சாம் சித்தப்பா: இன்னொரு பிரைடிலும் உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுல, இங்கயும் ஸ்காட்லாந்துலயும், வாயாடின்னு பேர் வாங்குன பொம்பளைக தலையில மாட்டுன இரும்புக் கூடு. பேச முடியாதபடி நாக்கை அமுக்க உள்ள ஒரு தகடு. அதோட தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போவாங்களாம்.

பெரியம்மா: பாவிங்க.

ரூபி அத்தை: அதுக்கு ‘ஸ்கோல்ட்ஸ் பிரைடில்’னு பேரு. நெஜக் குதிரைக்குக்கூட கடிவாள இரும்பு பல்லு இல்லாத சந்துலதான் உக்காரும்.

ஷைனி: அத்தை, எக்ஸாமுக்கு என்ன எழுத?

ரூபி அத்தை: தலையை நிமித்தி ரோஷத்தைக் காட்டுனான்னு எழுது. யாரு என்ன சொன்னதுக்குன்னு ஒரு வரி சேத்துக்கோ, அதுக்குத்தான் மார்க்கு.